கத்திரி வெயிலால் முடியாததைச் சின்னக் குழல்விளக்கு செய்வது எப்படி? ஒளிமின் விளைவுக்கு ஒரு செய்முறை வழிகாட்டி

மே மாத நண்பகலில் கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் பத்தடி நடக்க முடியாது. அப்படிக் கொளுத்துகிற கத்திரி வெயிலில், எதிர் மின்னூட்டம் ஏற்றிய ஒரு துத்தநாகத் தகட்டை வைத்துப் பார்த்தால் சொல்லும்படியாக எதுவும் நடக்காது. குடிநீர் சுத்திகரிப்புக் கருவிக்குள் ஒரு புற ஊதாக் குழல்விளக்கு இருக்குமே, அந்த வகை விளக்கை அதே தகட்டுக்கு முன்னால் ஏற்றினால் சற்று நேரத்தில் மின்னூட்டம் கரைந்துவிடும். அந்த விளக்கு சுமார் 11 வாட். உச்சி வெயிலோ ஒரு சதுர மீட்டர் தரையில் 1000 வாட்டை ஒட்டி இறங்குகிறது.

ஆயிரம் வாட்டால் ஆகாதது பதினொரு வாட்டால் எப்படி ஆகிறது? ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளியேறுவதைத்தான் ஒளிமின் விளைவு என்கிறோம். இந்தக் கேள்வி உங்களை ஒரு நாளாவது தொந்தரவு செய்தால் அதில் பாதி தூரம் வந்துவிட்டீர்கள்.

மஞ்சக்குப்பத்தில் மாலை நேரத்தில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக் கொடுக்கிறேன். ஒளிமின் விளைவின் விதிகளைக் கேட்டால் வரிசையாக ஒப்பிப்பார்கள். "சரி தம்பி, சிவப்பு விளக்கை நூறு மடங்கு பிரகாசமாக்கினால் துத்தநாகத்திலிருந்து எலக்ட்ரான் வருமா?" என்று கேட்டால், "கொஞ்சமாவது வரும் சார்" என்பார்கள். விதி மனப்பாடம், ஆனால் மனசு நம்பவில்லை. நம்பாததில் தப்பும் இல்லை. 1900 வாக்கில் உலகத்தின் பெரிய இயற்பியலாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். அலை என்றால் வலுவான அலை அதிகம் தள்ளும், மெல்லிய அலையும் நேரம் கொடுத்தால் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துத் தள்ளிவிடும் என்றுதான் நமக்குத் தோன்றும்.

அந்த எண்ணத்தைக் கழற்றி வைக்க, நான் பிள்ளைகளோடு செய்கிற வரிசையை இங்கே எழுதுகிறேன். முதல் பாதியை வீட்டிலேயே செய்யலாம். பின்பாதிக்கு ஆய்வகமும் ஆசிரியரும் வேண்டும். பள்ளிப் புத்தகத்தில் இருக்கிற பெயர்களையே பயன்படுத்துகிறேன்: பயன்தொடக்க அதிர்வெண், வெளியேற்று ஆற்றல், நிறுத்து மின்னழுத்தம். கல்லூரி லேபுக்குப் போனதும் இவையே த்ரெஷோல்டு, வொர்க் ஃபங்ஷன், ஸ்டாப்பிங் பொட்டன்ஷியல் என்று காதில் விழும். பயப்பட வேண்டாம், ஆள் ஒன்றுதான்.

முதல் படி: 1240 என்ற எண்ணும் ஓர் ஏணியும்

ஒளி ஃபோட்டான் என்ற பொட்டலங்களாக வருகிறது. ஒரு பொட்டலத்தில் எவ்வளவு ஆற்றல் இருக்கும் என்பதை ஒளியின் அதிர்வெண் ஒன்றே தீர்மானிக்கிறது. அதிர்வெண்ணைப் பிளாங்க் மாறிலியால் (6.626 × 10⁻³⁴ ஜூல் விநாடி) பெருக்கினால் அந்த ஆற்றல் வந்துவிடும். ஆனால் பத்தின் அடுக்குகளோடு மல்லுக்கட்டினால் விஷயம் மறந்துபோகும். அதனால் ஒரு குறுக்குவழி: அலைநீளத்தை நானோமீட்டரில் எடுத்து, 1240-ஐ அதால் வகுங்கள். விடை எலக்ட்ரான் வோல்ட் என்ற சின்ன ஆற்றல் அலகில் கிடைக்கும்.

போட்டுப் பாருங்கள். சிவப்பு 650 நானோமீட்டர் என்றால் 1.9 எலக்ட்ரான் வோல்ட். பச்சை 530 என்றால் 2.3. நீலம் 450 என்றால் 2.8. ஊதா 400 என்றால் 3.1. தண்ணீர் சுத்திகரிப்புக் கருவியில் இருக்கும் பாதரசக் குழலின் முக்கியக் கதிர் 254 நானோமீட்டர், அதற்கு 4.9.

இப்போது நோட்டில் ஒரு முழுப் பக்கத்துக்கு நிமிர்ந்த கோடு ஒன்று போடுங்கள். அடியில் 0, உச்சியில் 6. இடப்பக்கம் நிறங்களை அந்தந்த உயரத்தில் குறியுங்கள். வலப்பக்கம் உலோகங்களின் வெளியேற்று ஆற்றலைக் குறியுங்கள்: சீசியம் 2.14, பொட்டாசியம் 2.3, துத்தநாகம் 4.3, தாமிரம் 4.65, பிளாட்டினம் 5.65. வெளியேற்று ஆற்றல் என்பது ஓர் எலக்ட்ரான் அந்த உலோகத்தை விட்டு வெளியே வரக் கட்டியாக வேண்டிய குறைந்தபட்ச விலை. புத்தகத்துக்குப் புத்தகம் இந்த எண்கள் கொஞ்சம் மாறும். உலோகத்தின் பரப்பு எவ்வளவு சுத்தம், படிகத்தின் எந்த முகம் என்பதைப் பொறுத்தும் மாறும். நம் வேலைக்கு இது போதும்.

இந்த ஏணியை அவசரப்படாமல் போடுங்கள். மீதிப் படிகள் எல்லாவற்றிலும் இது பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஓர் உலோகத்தின் குறிக்கு மேலே இருக்கிற ஒளி அதிலிருந்து எலக்ட்ரானை வெளியேற்றும், கீழே இருக்கிற ஒளி வெளியேற்றாது. பயன்தொடக்க அதிர்வெண் என்பது இந்த எல்லைக்கோடுதான். துத்தநாகத்துக்கு அது சுமார் 288 நானோமீட்டரில் விழுகிறது. தரைக்கு வந்து சேரும் வெயிலில் ஏறக்குறைய 290-க்குக் கீழே எதுவும் மிஞ்சுவதில்லை, ஓசோன் அதை மேலேயே குடித்துவிடுகிறது. கத்திரி வெயிலால் ஏன் முடியவில்லை என்பதற்கு ஏணியிலேயே விடை வந்துவிட்டது. வெயிலில் பொட்டலங்கள் கோடி கோடி உண்டு. தேவையான உயரத்துப் பொட்டலம்தான் இல்லை.

இரண்டாம் படி: மாங்காய் அடித்த நினைவு

மாமரத்தில் கல் எறியாதவர்கள் இந்தப் பக்கத்தில் குறைவு. காம்பை அறுக்க ஒரு குறிப்பிட்ட வேகத்து அடி தேவை. கை நிறையப் பொடிக்கற்களை அள்ளி வீசினால் இலைதான் சலசலக்கும், காய் விழாது. பத்துப் பேர் சேர்ந்து பொடிக்கல் வீசினாலும் விழாது. சரியான கல் ஒன்று, சரியான வேகத்தில் பட்டால் ஒரே அடியில் விழும். அந்தக் கல் தேவைக்கு மேல் வேகமாகப் பட்டிருந்தால், காம்பை அறுத்தது போக மிச்ச வேகத்தில் காய் தள்ளிப்போய் விழும்.

கல்லின் வேகம்தான் அதிர்வெண். கற்களின் எண்ணிக்கைதான் ஒளிச்செறிவு. காம்பின் உறுதி வெளியேற்று ஆற்றல். காய் தள்ளிப்போகிற வேகம் எலக்ட்ரானின் இயக்க ஆற்றல். ஐன்ஸ்டீன் 1905-இல் எழுதிய சமன்பாடு சொல்வது இவ்வளவுதான்: ஃபோட்டானின் ஆற்றலிலிருந்து வெளியேற்று ஆற்றலைக் கழித்தால் வருவது எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல்.

"பெரும" என்ற சொல்லைப் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள். பரப்பிலேயே இருக்கிற எலக்ட்ரான் மிச்சம் முழுவதையும் எடுத்துக்கொண்டு ஓடும். கொஞ்சம் உள்ளே இருந்து கிளம்பியது வழியில் அணுக்களோடு மோதிச் செலவழித்துவிட்டு மெதுவாக வரும், கிளையில் இடித்து இடித்து விழும் காயைப் போல. ஆகவே ஒரே நிற ஒளி பட்டாலும் வெளிவரும் எலக்ட்ரான்கள் பல வேகங்களில் வரும். அதிர்வெண் தீர்மானிப்பது அவற்றின் உச்ச வரம்பை.

ஓர் எச்சரிக்கை. உண்மையான மரத்தில் பொடிக்கல்லாலேயே அடித்துக்கொண்டிருந்தால் காம்பு நைந்து ஒரு நாள் விழலாம். எலக்ட்ரானிடம் அது நடக்காது. சின்னப் பொட்டலம் கொடுத்த ஆற்றலை அடுத்த பொட்டலம் வருவதற்குள் அது பக்கத்து அணுக்களிடம் இழந்துவிடும். சேமிப்பே கிடையாது. அதேபோல, போதுமான ஃபோட்டான் பட்டதும் காத்திருப்பும் கிடையாது, ஒரு விநாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் எலக்ட்ரான் வெளியே வந்துவிடும்.

மூன்றாம் படி: இருட்டில் மின்னும் ஸ்டிக்கர்

இதில் எலக்ட்ரான் உலோகத்தை விட்டு வெளியேறுவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் "செறிவைக் கூட்டினாலும் வேலை நடக்காது" என்பதை உடம்பு நம்புவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

குழந்தைகள் அறையின் கூரையில் ஒட்டுவார்களே, பச்சையாக மின்னும் நட்சத்திர ஸ்டிக்கர், அதில் நாலைந்து வாங்கிக்கொள்ளுங்கள். சிவப்பு, பச்சை, நீல எல்.இ.டி.கள் ஒவ்வொன்று வேண்டும், டிவி ரிப்பேர் கடையில் கேட்டால் சில ரூபாய்க்குத் தருவார்கள். 9 வோல்ட் பேட்டரி ஒன்று, ஒவ்வொரு எல்.இ.டி.யோடும் தொடராகச் சேர்க்க 470 ஓம் மின்தடை ஒன்று. ஸ்டிக்கரை ஒரு மணி நேரம் இருட்டான டப்பாவில் போட்டு மங்க விடுங்கள். அப்புறம் இருட்டறையில், சிவப்பு எல்.இ.டி.யை ஸ்டிக்கரோடு ஒட்டிப் பிடித்து ஐந்து நிமிடம் ஏற்றி வையுங்கள். அணைத்துவிட்டுப் பாருங்கள், கறுப்புதான். இரண்டு மூன்று சிவப்பு எல்.இ.டி.களை ஒன்றாகப் பிடித்துக்கூட முயன்று பாருங்கள். இப்போது நீலத்தை ஒரே ஒரு விநாடி காட்டுங்கள். விளக்கு பட்ட வட்டம் பளிச்சென்று மின்னும்.

பச்சை எல்.இ.டி.யில் என்ன வருகிறது என்பதை எழுதி வையுங்கள். சில ஸ்டிக்கரில் ஒன்றும் வராது, சிலவற்றில் மங்கலாக வரும். எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று நீங்களாகவே தேடுவது இங்கேதான். பிள்ளைகளில் யாராவது ஒருவர் "சிவப்பை விடியவிடிய வைத்தால்?" என்று கட்டாயம் கேட்பார். வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் வந்து சொல்லும்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

நான்காம் படி: துத்தநாகத் தகடும் இலை மின்காட்டியும்

உண்மையான ஒளிமின் விளைவு இதுதான். 1887-இல் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளர் மின்பொறிகளை ஆராயும்போது, புற ஊதா ஒளி பட்டால் பொறி எளிதாகத் தாவுவதைக் கவனித்தார். அடுத்த ஆண்டே ஹால்வாக்ஸ், எதிர் மின்னூட்டம் பெற்ற துத்தநாகத் தகடு புற ஊதா ஒளியில் மின்னூட்டத்தை இழப்பதைக் காட்டினார். எலக்ட்ரான் என்ற துகளே அப்போது யாருக்கும் தெரியாது. நாம் செய்யப்போவது ஹால்வாக்ஸின் சோதனையைத்தான்.

இதை வீட்டில் செய்யாதீர்கள். 254 நானோமீட்டர் கதிர் கண்ணையும் தோலையும் புண்ணாக்கும், படும்போது வலிக்காது, இரவில்தான் கண்ணில் மணல் விழுந்ததுபோல் உறுத்தும். குடிநீர்க் கருவியைத் திறந்து விளக்கைக் கழற்றுவது வேண்டவே வேண்டாம். ஆய்வகத்தில், மூடிய பெட்டிக்குள், முகத்தை மறைக்கும் கவசத்தோடு, ஆசிரியர் கையால் நடக்க வேண்டியது இது.

மின்னூட்டம் இருக்கிறதா என்று காட்டும் மின்காட்டியைச் செய்வது சுலபம். வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டில், பிளாஸ்டிக் மூடி, மூடியைத் துளைத்து இறங்கும் தடித்த செம்புக் கம்பி, கம்பியின் அடியில் மெல்லிய அலுமினியத் தாளில் வெட்டிய இரண்டு பட்டைகள், இவைதான் இலைகள். கம்பியின் தலையில் தகடு. துத்தநாகத்துக்கு அலைய வேண்டாம், கூரை போடுகிற கடையில் ஜி.ஐ. தகட்டுத் துண்டு கேளுங்கள். அது துத்தநாகம் பூசிய இரும்பு. பயன்படுத்துவதற்குச் சற்று முன்னால் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள், வெள்ளையாக மினுமினுக்க வேண்டும். இந்தத் தேய்ப்பைத் தவிர்த்தால் சோதனை பெரும்பாலும் தோற்கும், ஏனென்றால் காற்று பட்ட துத்தநாகத்தின் மேல் ஆக்சைடு படிந்துவிடுகிறது.

பி.வி.சி. குழாயைக் கம்பளியில் அல்லது உலர்ந்த தலைமுடியில் தேய்த்துத் தகட்டில் தொட்டு இழுங்கள். எதிர் மின்னூட்டம் ஏறி இலைகள் விரியும். இனி நாலு சோதனை.

ஒன்று, விளக்கு இல்லாமல் எவ்வளவு நேரம் இலைகள் விரிந்தே நிற்கின்றன என்று பாருங்கள். இரண்டு, ஊதா விளக்கு, பிரகாசமான வெள்ளை எல்.இ.டி., வெயில் என்று எதை வேண்டுமானாலும் காட்டுங்கள், நேரம் அநேகமாக மாறாது. மூன்று, 254 விளக்கைக் காட்டுங்கள், இலைகள் மடமடவென்று சுருங்கும். நான்கு, திரும்ப மின்னூட்டம் ஏற்றி, விளக்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை வையுங்கள். இலைகள் அப்படியே நிற்கும். கண்ணுக்குத் தெரிகிற நீல வெளிச்சம் கண்ணாடி வழியே வந்துகொண்டுதான் இருக்கிறது, வேலை செய்த கதிர் மட்டும் நின்றுவிட்டது. எனக்கு இந்த நான்காவது சோதனைதான் உயிர். நேரம் இருந்தால் தகட்டுக்கு நேர் மின்னூட்டம் ஏற்றியும் பாருங்கள். வெளியே வரும் எலக்ட்ரானைத் தகடே திரும்ப இழுத்துக்கொள்வதால் இலைகள் சுருங்காது.

நான் பட்ட இரண்டு பாடுகளைச் சொல்கிறேன், உங்களுக்கு மிச்சமாகட்டும்.

முதலாவது, ஆன்லைனில் "யு.வி. டார்ச்" என்று வாங்கினேன், கள்ள நோட்டு பார்க்கும் வகை. ஒரு மாலை முழுக்கத் தகட்டைத் தேய்த்துத் தேய்த்துக் காட்டினோம், இலை அசையவில்லை. இருட்டிய பிறகுதான் டார்ச்சின் உறையைப் புரட்டிப் பார்த்தேன்: 395 நானோமீட்டர். வகுத்தால் 3.14. துத்தநாகத்துக்கு 4.3 வேண்டும். "புற ஊதா" என்ற பெயரைப் பார்க்காமல் எண்ணைப் பாருங்கள். அன்றைக்கு நோட்டில் ஏணி போட்டிருந்த ஒரு பெண், கடையில் கேட்கும்போதே சொல்லியிருப்பேனே சார் என்றாள். ஏணி போடும் பழக்கத்தை அன்றிலிருந்துதான் முதல் படியாக வைத்தேன்.

இரண்டாவது, நம் ஊர்க் காற்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்காட்டியைக் கையில் எடுக்காதீர்கள். ஈரம் மூடியின் மேல் கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்து, விளக்கே இல்லாமல் மின்னூட்டம் வடிந்துவிடும். பிள்ளைகள் அதை ஒளிமின் விளைவு என்று எழுதிவிடுவார்கள். அதனால்தான் முதல் சோதனை விளக்கில்லாத சோதனை. மாசி, பங்குனியில் பதினொரு மணிக்கு மேல் செய்யுங்கள். புதுப் பை, புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் பாட்டிலுக்குள் போடுங்கள். மூடியை ஹேர் டிரையரால் இரண்டு நிமிடம் காயவையுங்கள். புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டியிருக்கும் கட்டடமென்றால் உப்புப் படலமும் சேர்ந்துகொள்ளும், மூடியை முந்தின நாளே கழுவி உலர்த்திவிடுங்கள்.

ஐந்தாம் படி: கணினியில் இரண்டு நழுவிகள்

அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம் இலவசமாகத் தரும் ஃபெட் (PhET) பாவனைகளில், அதாவது கணினிச் சிமுலேஷன்களில், ஒளிமின் விளைவுக்கு ஒன்று உண்டு. பழைய நிரல் என்பதால் செல்போனைவிடக் கணினியில் நன்றாக ஓடும். திறந்ததும் ஒரு விளக்கு, இரண்டு தகடுகள், ஒரு பேட்டரி தெரியும். அலைநீளத்துக்கு ஒரு நழுவி, செறிவுக்கு ஒரு நழுவி.

உலோகம் சோடியமாக இருக்கட்டும். அலைநீளத்தைச் சிவப்பில் வைத்து, செறிவை 100-க்குத் தள்ளுங்கள். ஒன்றும் வராது. செறிவை அப்படியே விட்டுவிட்டு அலைநீளத்தை மெல்லக் குறையுங்கள். 540-ஐ ஒட்டிய இடத்தில் முதல் எலக்ட்ரான் தயங்கித் தயங்கி வெளியே வரும். இன்னும் குறையுங்கள், எலக்ட்ரான்கள் விரைந்து ஓடும். இப்போது அலைநீளத்தைத் தொடாமல் செறிவை மட்டும் மாற்றுங்கள்: கூட்டம் கூடும், குறையும், அதிகபட்ச வேகம் மாறாது. இந்த இரண்டு நழுவிகளையும் ஒரே நேரத்தில் நகர்த்தவே கூடாது. குழப்பத்தில் முக்கால்வாசி அங்கேதான் பிறக்கிறது.

அப்புறம் ஒரு நுட்பமான விஷயம், தேர்விலும் இடறிவிடும். அலைநீளத்தைக் குறைத்துக்கொண்டே போனால் ஓரிடத்துக்குப் பின் மின்னோட்டம் குறைவதைப் பார்க்கலாம். பிள்ளைகள் திகைப்பார்கள். செறிவு என்றால் ஒரு விநாடியில் வரும் மொத்த ஆற்றல். மொத்தத்தை மாற்றாமல் பொட்டலத்தைப் பெரிதாக்கினால் பொட்டலங்களின் எண்ணிக்கை குறையத்தானே வேண்டும்? ஒரு மில்லிவாட் ஒளியை எடுங்கள். 500 நானோமீட்டரில் அது விநாடிக்குச் சுமார் 2.5 × 10¹⁵ ஃபோட்டான்கள். 400-இல் அதே ஒரு மில்லிவாட் 2 × 10¹⁵ தான். நூறு ரூபாயைப் பத்து ரூபாய்த் தாளாக வாங்கினால் பத்துத் தாள், ஐம்பதாக வாங்கினால் இரண்டு. "அதிர்வெண்ணைப் பொறுத்து மின்னோட்டம் மாறாது" என்று புத்தகம் சொல்வது, ஃபோட்டான்களின் எண்ணிக்கை மாறாதபோது, அதுவும் ஏறக்குறைய. பாவனையின் விருப்பத் தேர்வுகளில் செறிவுக்குப் பதிலாக ஃபோட்டான் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தும் வசதி இருக்கிறது. அதையும் போட்டு ஒப்பிடுங்கள்.

ஆறாம் படி: போட்டோசெல், நிறுத்து மின்னழுத்தம், ஒரு நேர்கோடு

கல்லூரி லேபில் வெற்றிடக் குழலுக்குள் சீசியம் கலந்த பூச்சுள்ள போட்டோசெல் இருக்கும், கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கே எலக்ட்ரான் தருவது. எலக்ட்ரான் எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை நேராக அளக்க முடியாது. அதனால் எதிர்த்திசையில் மின்னழுத்தம் கொடுத்து, மிக வேகமான எலக்ட்ரானும் நின்றுபோகிற வரை கூட்டுகிறோம். மின்னோட்டம் சுழிக்கு வரும் அந்த வோல்ட்தான் நிறுத்து மின்னழுத்தம். 0.9 வோல்ட்டில் நின்றால் பெரும இயக்க ஆற்றல் 0.9 எலக்ட்ரான் வோல்ட், அவ்வளவு நேரடி.

முதலில் விளக்கை ஏற்றாமல், மூடி போட்டு, மீட்டர் சுழியில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு நீல வடிகட்டியைப் போட்டு, விளக்கை 20 சென்டிமீட்டரில் வைத்து நிறுத்து மின்னழுத்தம் எடுங்கள். விளக்கை 40-க்கு நகர்த்துங்கள். எதிர் மின்னழுத்தம் கொடுக்காதபோது ஓடும் மின்னோட்டம் ஏறக்குறைய கால்பங்காகிவிடும், நிறுத்து மின்னழுத்தம் மட்டும் அசையாது. 1902-இல் லெனார்ட் கண்டது இதைத்தான்: ஒளியின் செறிவை ஆயிரம் மடங்கு மாற்றிப் பார்த்தார், எலக்ட்ரானின் பெரும ஆற்றல் மாறவில்லை. அலைக் கொள்கையின் மேல் விழுந்த அடி அது. உங்கள் மீட்டரிலும் அதே முள் அசையாமல் நிற்கும்போது ஒரு நிமிடம் நின்று பாருங்கள்.

அதற்குப் பிறகுதான் நிறத்தை மாற்ற வேண்டும். என்ன வரவேண்டும் என்று காட்ட, சீசியத்தின் 2.14-ஐ வைத்துப் பாதரச விளக்கின் நாலு கதிர்களுக்குக் கணக்குப் போட்டிருக்கிறேன்:

365 நானோமீட்டர், அதிர்வெண் 8.22 × 10¹⁴ ஹெர்ட்ஸ்: 1.26 வோல்ட்
405 நானோமீட்டர், 7.41 × 10¹⁴: 0.92 வோல்ட்
436 நானோமீட்டர், 6.88 × 10¹⁴: 0.70 வோல்ட்
546 நானோமீட்டர், 5.49 × 10¹⁴: 0.13 வோல்ட்

கிடையாக அதிர்வெண், செங்குத்தாக நிறுத்து மின்னழுத்தம் வைத்து வரைபடத்தாளில் குறித்தால் நேர்கோடு. முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் நடுவே மின்னழுத்த வேறுபாடு 1.13 வோல்ட், அதிர்வெண் வேறுபாடு 2.73 × 10¹⁴. வகுத்தால் 4.14 × 10⁻¹⁵. எலக்ட்ரானின் மின்னூட்டமான 1.602 × 10⁻¹⁹-ஆல் பெருக்கினால் 6.63 × 10⁻³⁴. பிளாங்க் மாறிலி! உலோகத்தை மாற்றினால் கோடு மேலோ கீழோ இடம்பெயரும், சாய்வு மாறாது. எந்த உலோகமானாலும் சாய்வு ஒன்றே என்பதுதான், அது உலோகத்தின் குணமல்ல, ஒளியின் குணம் என்று நமக்குக் காட்டுகிறது.

லேபில் இவ்வளவு அழகாக வராது. காரணங்கள் சில. வண்ண வடிகட்டி ஒரே அலைநீளத்தை விடுவதில்லை, ஒரு பட்டையையே விடும், நிறுத்து மின்னழுத்தத்தைத் தீர்மானிப்பது அந்தப் பட்டையின் உயர் அதிர்வெண் ஓரம். எதிர்த் தகட்டிலும் வெளிச்சம் பட்டு அங்கிருந்தும் எலக்ட்ரான் கிளம்பி மின்னோட்டத்தைச் சுழிக்குக் கீழே இழுக்கும். இரண்டு தகடுகளும் வெவ்வேறு உலோகமாக இருப்பதால் அவற்றுக்குள்ளேயே ஒரு மின்னழுத்தம் ஒளிந்திருக்கும். கடைசியாகச் சொன்னது எல்லா அளவீட்டையும் ஒரே அளவு நகர்த்துவதால் சாய்வைக் கெடுக்காது. ஆகவே கோட்டின் சாய்வை நம்புங்கள். கோடு அச்சை வெட்டும் இடத்தை வைத்து வெளியேற்று ஆற்றல் சொல்லும்போது மட்டும் தயங்குங்கள். மழைக்காலத்தில் குழலின் அடிப்பகுதியை உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு ஆரம்பியுங்கள், கசிவு மின்னோட்டம் இங்கேயும் வரும்.

அமெரிக்க இயற்பியலாளர் மில்லிகன் இதே கோட்டுக்காகப் பத்தாண்டு உழைத்தார். ஐன்ஸ்டீனின் சமன்பாட்டை அவர் நம்பவில்லை, தப்பென்று காட்டத்தான் இறங்கினார். நாம் உப்புத்தாளால் தேய்த்தோமே, அந்த வேலைக்காக அவர் வெற்றிடக் குழலுக்குள்ளேயே கத்தி வைத்து, சோடியத்தைப் புதிதாகச் சீவிச் சீவி அளந்தார். 1916-இல் வெளியிட்ட முடிவு நேர்கோடு, அதன் சாய்விலிருந்து கிடைத்த பிளாங்க் மாறிலி நம் அலகில் 6.57 × 10⁻³⁴. இன்றைய மதிப்பிலிருந்து ஒரு சதவீத அளவுக்கே விலகல். தான் எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக வந்ததை அப்படியே எழுதினார். பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் 5.8 வந்தால் அழித்துவிட்டு 6.6 என்று எழுதுவார்கள். வேண்டாம். 5.8 என்றே எழுதி, மேலே சொன்ன காரணங்களில் எது உங்கள் மேசையில் இருந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள், நான் அதற்குத்தான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

முடித்த பிறகு கேட்டுக்கொள்ள

சில்வர் பீச் சாலையில் சூரியத் தகடு வைத்த தெருவிளக்கைக் காட்டி, "இதுவும் ஒளிமின் விளைவா சார்?" என்று கேட்பார்கள். உறவுதான், ஆனால் அதுவே இல்லை. சூரியத் தகட்டில் எலக்ட்ரான் சிலிக்கானை விட்டு வெளியே வருவதில்லை, உள்ளுக்குள்ளேயே ஓடுகிறது. அதற்கு 1.1 எலக்ட்ரான் வோல்ட் போதும் என்பதால் சிவப்பு ஒளியும், அகச்சிவப்பில் ஒரு பகுதியும்கூட அங்கே வேலை செய்யும். எல்லைக்கோடு என்ற ஒன்று இருப்பதில் மட்டும் இரண்டும் ஒன்று.

அடுத்து, 254 விளக்கைப் பிளாட்டினத்தில் காட்டினால்? ஏணியைப் பாருங்கள். 4.9 எங்கே இருக்கிறது, 5.65 எங்கே இருக்கிறது? தாமிரத்தில் காட்டினால் வரும், ஆனால் பெரும இயக்க ஆற்றல் கால் எலக்ட்ரான் வோல்ட்டுக்கும் கொஞ்சம் குறைவு. துத்தநாகத்தில் 0.6-ஐ ஒட்டி.

கடைசியாக, ஆரம்பத்தில் கேட்ட அதே கேள்வியைத் திரும்பக் கேட்பேன். சிவப்பு விளக்கை நூறு மடங்கு பிரகாசமாக்கினால் துத்தநாகத்திலிருந்து எலக்ட்ரான் வருமா? ஸ்டிக்கரோடு விடியவிடிய உட்கார்ந்திருந்த பையனிடம்தான் முதலில் கேட்பேன். "தகடு சூடாகும் சார், அவ்வளவுதான்" என்றான் போன வருடத்துப் பையன்.